குறை தெரிந்து சேர்க்க: பிராய்லர் தீவனச் சேர்மானங்கள்

பல்லடம், பொங்கலூர், உடுமலைப்பேட்டைப் பக்கம் எந்தக் கோழி மருந்துக் கடைக்குள் நுழைந்தாலும் அலமாரி நிறைய டப்பாக்கள் இருக்கும். லிவர் டானிக், கால்சியம், பி காம்ப்ளெக்ஸ், என்சைம், அசிடிஃபயர், டாக்சின் பைண்டர், புரோபயாட்டிக், இவற்றோடு மூலிகைச் சாறுகள். “இதைக் கொஞ்சம் ஊத்திப் பாருங்கண்ணா, எடை ஜம்முனு ஏறும்” என்று கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டுவார். அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பொருள் எங்கோ ஒரு பண்ணையில் வேலை செய்திருக்கும். அங்கே ஒரு குறை இருந்திருக்கிறது, இது அதை அடைத்திருக்கிறது. உங்கள் பண்ணையில் அந்தக் குறை இல்லையென்றால் ஊற்றிய காசு எச்சமாகக் கூளத்தில்தான் விழும்.

ஒப்பந்த முறையில் வளர்ப்பவருக்குத் தீவனம் கம்பெனியிலிருந்து வருகிறது. அதில் என்ன கலந்திருக்கிறது என்பதில் அவருக்குப் பேச்சில்லை. அவர் கையில் இருப்பது தண்ணீர்த் தொட்டி மட்டும். அதிலும் சூப்பர்வைசரைக் கேட்காமல் எதையும் ஊற்றக் கூடாது. கேட்காமல் ஊற்றினால் கம்பெனித் தீவனத்தில் ஏற்கெனவே இருப்பதையே மறுபடி ஊற்றுவீர்கள், அல்லது அதற்கு ஒத்துவராத ஒன்றை ஊற்றுவீர்கள். சொந்தமாகத் தீவனம் அரைத்துக் கலக்கும் சிறு பண்ணையாளருக்கு முழுப் பொறுப்பும் அவருடையது. அவருக்கு இந்த அத்தியாயத்தின் எல்லாப் பகுதிகளும் வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

தீவனம் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் 40,000. ஒரு சேர்மானம் டன்னுக்கு 200 ரூபாய் கூட்டுகிறது என்றால் செலவு அரை சதவீதம் ஏறுகிறது. போட்ட காசு திரும்பி வரவே எஃப்.சி.ஆர்., அதாவது ஒரு கிலோ எடைக்குத் தின்னும் தீவனக் கிலோ, 1.60-லிருந்து 1.592-க்கு இறங்க வேண்டும். 2.2 கிலோ எடைக்கு வரும் கோழி மூன்றரைக் கிலோ தீவனம் தின்றிருக்கும். அதில் 18 கிராம் மிச்சமானால் முதல் தேறியது. அதற்கு மேல் மிச்சமாவதுதான் லாபம்.

இந்த 18 கிராம் நமக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் வரும். நல்ல சேர்மானம் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆனால் ஒரு பேட்ச்சுக்கும் அடுத்த பேட்ச்சுக்கும் இடையே குஞ்சின் தரம், வெயில், புரூடிங் (குஞ்சுக்குச் சூடு கொடுத்துக் காப்பது) ஆகியவற்றால் மட்டுமே இதைவிடப் பல மடங்கு வித்தியாசம் வரும். “போன பேட்ச்சில் ஊற்றினேன், நன்றாக வந்தது” என்ற பேச்சை நம்பி எதையும் வாங்க முடியாது என்பதற்குக் காரணம் இதுதான். தீவனத் தட்டின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்குக் கீழே தொங்கினால் கீறிச் சிந்துவதிலேயே அந்த 18 கிராம் போய்விடும். அதைச் சரிசெய்யச் செலவே இல்லை.

மெத்தியோனின்: சந்தேகமே வேண்டாத ஒன்று

சேர்மானங்களில் எது கட்டாயம் என்று கேட்டால் முதலில் சொல்ல வேண்டியது மெத்தியோனின். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் சேர்ந்த தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவது இந்த அமினோ அமிலம்தான். கணக்குப் போட்டே பார்க்கலாம். மக்காச்சோளத்தில் மெத்தியோனின் ஏறக்குறைய 0.19 சதவீதம், சோயாவில் 0.63 சதவீதம். 60 சதவீதம் மக்காச்சோளமும் 33 சதவீதம் சோயாவும் கலந்தால் மொத்தம் கிடைப்பது 0.32 சதவீதம். முதல் மூன்று வாரக் குஞ்சுக்குத் தேவை 0.5 சதவீதம். குறைவது 0.18. ஒரு டன்னுக்கு 1.8 கிலோ டிஎல்-மெத்தியோனின் போட்டால்தான் அந்தப் பள்ளம் நிரம்பும். ஆலைகளில் இரண்டு கிலோவும் அதற்கு மேலும் போடுகிறார்கள்.

இதைப் போடாமல் சோயாவை மட்டும் கூட்டி ஈடுகட்டலாமா? கட்டலாம். ஆனால் வேண்டாத மற்ற அமினோ அமிலங்கள் மிஞ்சிப் போகும். கோழி அவற்றை உடைத்து யூரிக் அமிலமாக வெளியேற்றும். அதற்குத் தண்ணீர் அதிகம் குடிக்கும், கூளம் நனையும், அம்மோனியா நெடி ஏறும், கண் எரியும், சளி பிடிக்கும். ஷெட்டுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் அந்த நெடிக்குத் தீவனக் கலவையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

மெத்தியோனின் குறைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது இறகு. மூன்றாவது வாரத்திலும் முதுகு மூடாமல், ஒன்றன் இறகை ஒன்று கொத்திக்கொண்டு நிற்கும். அதே சமயம், நல்லதுதானே என்று இரட்டிப்பாகப் போட்டுவிடக் கூடாது. அமினோ அமிலங்களில் மிகையானால் அதிகம் கெடுப்பதும் இதுதான், வளர்ச்சி பின்தங்கும். அடுத்து லைசின், அதற்கடுத்து திரியோனின். லைசின் குறைந்தால் நெஞ்சுக்கறி ஏறாது. உயிர் எடைக்கு விற்பவர் இதைக் கவனிக்காமல் போகலாம், கறிக்கடைக்காரர் உரித்தவுடன் சொல்லிவிடுவார்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 1374 பிராய்லருக்கு ப்ரீ ஸ்டார்ட்டரில் 23, ஸ்டார்ட்டரில் 22, ஃபினிஷரில் 20 சதவீதம் புரதம் கேட்கிறது. மூட்டையில் அச்சிட்ட புரத எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது ஏமாறும் வழி. மலிவான புண்ணாக்கைக் கொட்டிப் புரதத்தை 22-க்குக் கொண்டுவந்துவிட முடியும். அந்தப் புரதத்தில் லைசினும் மெத்தியோனினும் எவ்வளவு, அதில் எவ்வளவு செரிக்கும் என்பதுதான் கேள்வி.

ஃபைட்டேஸ்: பூட்டைத் திறக்கும் என்சைம்

தானியத்திலும் புண்ணாக்கிலும் இருக்கும் பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டிக் அமிலத்தில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கப் போதுமான சாவி கோழியின் குடலில் இல்லை. எனவே டை கால்சியம் பாஸ்பேட், நம்மவர் வாயில் டிசிபி, விலை கொடுத்துப் போடுகிறோம். பூட்டிய பாஸ்பரஸ் எச்சத்தோடு வெளியே போகிறது. 1991-இல் முதல் ஃபைட்டேஸ் என்சைம் விற்பனைக்கு வந்த பிறகு இந்தக் கணக்கு மாறியது. ஒரு கிலோ தீவனத்துக்கு 500 யூனிட் ஃபைட்டேஸ் சேர்த்தால் ஏறக்குறைய 0.1 சதவீதப் பாஸ்பரஸ் விடுபடும். ஒரு டன்னில் அது ஒரு கிலோ பாஸ்பரஸ். டிசிபியில் 18 சதவீதம் பாஸ்பரஸ் என்பதால், ஐந்தரைக் கிலோ டிசிபி மிச்சம்.

இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஃபைட்டேஸையும் போட்டுவிட்டு டிசிபியையும் பழைய அளவிலேயே போடுகிறார்கள். என்சைம் தன் வேலையைச் செய்கிறது, மிச்சமான காசு மட்டும் கைக்கு வருவதில்லை. ஃபைட்டேஸ் சேர்த்தால் டிசிபியைக் குறைத்துச் சூத்திரத்தை மறுபடி எழுத வேண்டும். டிசிபியில் கால்சியமும் இருப்பதால் சுண்ணாம்புக்கல் தூளையும் திருத்த வேண்டும். கால்சியம் மிகுந்தால் என்சைமின் வேலை மட்டுப்படும். பெல்லெட் போடும் ஆலையில் நீராவிச் சூடு 80 டிகிரியைத் தாண்டுவதால் மேற்பூச்சு உள்ள ஃபைட்டேஸைக் கேட்டு வாங்க வேண்டும். மாவுத் தீவனம் கலப்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

கோதுமை, பார்லி போன்றவை அதிகம் சேரும் நாடுகளில் சைலனேஸ், பீட்டா குளுக்கனேஸ் என்சைம்கள் இல்லாமல் ஓடாது. அந்தத் தானியங்களின் பிசுபிசுப்பு எச்சத்தைப் பசையாக்கிவிடும். மக்காச்சோளத் தீவனத்தில் அவற்றின் பலன் குறைவு. விலை ஏறும் காலத்தில் குருணை, கம்பு என்று மாற்றும்போது என்சைம் விற்பவர் சொல்வதைக் கேட்பதற்கு முன், அந்தச் சரக்கின் புரதத்தையும் ஈரத்தையும் ஆய்வகத்தில் பார்த்துவிடுங்கள்.

வைட்டமின், தாது: பை வாங்கினால் மட்டும் போதாது

குஞ்சு விரல்களை உள்ளே மடக்கிக் கணுக்காலில் உட்கார்ந்தால் ரைபோஃபிளேவின் குறை. தலை சாய்ந்து, தடுமாறி, மல்லாந்து காலை உதைத்தால் வைட்டமின் ஈ. கணுக்கால் மூட்டு வீங்கித் தசைநார் விலகிக் கால் பக்கவாட்டில் திரும்பினால் மாங்கனீசு அல்லது கோலின். எலும்பு ரப்பர் மாதிரி வளைந்தால் டி3, கால்சியம், பாஸ்பரஸ் மூன்றில் ஒன்று. ஒழுங்காகப் பிரீமிக்ஸ் (வைட்டமின், தாதுக் கலவை) போடும் பண்ணையிலும் இவை வருவதுண்டு. அப்போது பெரும்பாலும் பழுது சேமிப்பிலோ கலவையிலோ இருக்கும்.

கோலின் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் பொருள். வைட்டமின் பிரீமிக்ஸோடு ஒரே பையில் முன்கூட்டியே கலந்து வைத்தால் வைட்டமின்களைக் கெடுத்துவிடும். கோலினைத் தனியாக வாங்கி, கலக்கும் நாளில் தனியாகப் போட வேண்டும். வைட்டமினும் தாமிரம், இரும்பு போன்ற தாது உப்புகளும் ஒன்றாக இருக்கும் பையையும் மாதக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது. சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்த பிரீமிக்ஸ் வைகாசியில் பேருக்குத்தான் பிரீமிக்ஸ்.

கலவையில் இன்னொன்று. டன்னுக்கு 500 கிராம் போட வேண்டிய பொருளை நேராகக் குவியலில் கொட்டி மண்வெட்டியால் புரட்டினால், ஒரு கோழிக்கு ஐந்து பங்கும் இன்னொன்றுக்கு ஒன்றும் இல்லாமலும் போகும். 500 கிராமை முதலில் ஐந்து கிலோ மக்காச்சோள மாவில் கலக்குங்கள். அதை ஐம்பது கிலோவில். அதற்குப் பிறகே மிக்சரில்.

லேபிளை எப்படிப் படிப்பது

ஒரு லிவர் டானிக் பாட்டிலை எடுத்துக்கொள்வோம். 100 மில்லியில் கோலின் 500 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது, 100 கோழிக்கு 5 மில்லி கொடுக்கச் சொல்கிறது என்று வையுங்கள். 5 மில்லியில் 25 மில்லிகிராம் கோலின். அதை நூறாகப் பங்கிட்டால் ஒரு கோழிக்குக் கால் மில்லிகிராம். ஒரு கிலோ தீவனத்தில் 1,300 மில்லிகிராம் கோலின் வேண்டும் என்பது குஞ்சுக்கான தேவை; நாளைக்கு 100 கிராம் தின்னும் கோழிக்கு 130 மில்லிகிராம். பாட்டில் கொடுப்பது அதில் ஐநூறில் ஒரு பங்கு. லேபிளில் பத்துப் பெயர்கள் வரிசையாக இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாட்டிலில் இருப்பது, கொடுக்கும் அளவு, கோழி எண்ணிக்கை, நாள் தேவை: நான்கு எண்கள் போதும். அளவே குறிப்பிடாமல் பெயர்களை மட்டும் அடுக்கிய லேபிளைக் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம்.

கோடையில்

பங்குனி முதல் வைகாசி வரை கொங்குப் பகுதிப் பண்ணைகளில் சாவு கூடுவது மதியத்துக்கு மேல். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தள்ள வேண்டும். அப்படி வாங்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி ரத்தம் காரத்தன்மை ஆகிறது, பொட்டாசியமும் சோடியமும் குறைகின்றன. சோடா உப்பு, பொட்டாசியம் குளோரைடு, பீட்டைன் மூன்றுக்கும் இந்த இடத்தில் உண்மையான வேலை இருக்கிறது. சோடா உப்பில் குளோரைடு இல்லாமல் சோடியம் மட்டும் வருவதால் கோடையில் சாதா உப்பின் ஒரு பகுதிக்குப் பதிலாக அதைப் போடுவது வழக்கம்.

வைட்டமின் சி-யைக் கோழி தன் சிறுநீரகத்திலேயே தயாரித்துக்கொள்ளும். கடும் வெயிலில் அது போதாமல் போகும். டன்னுக்கு 200 முதல் 250 கிராம் போட்டால் தாங்கும் சக்தி கூடுகிறது. தண்ணீரில் கொடுப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெயிலில் காய்ந்த கருப்புத் தொட்டியில், குளோரின் போட்ட தண்ணீரில் வைட்டமின் சி மளமளவென்று அழியும். இரண்டு மணி நேரத்தில் குடித்து முடிக்கும் அளவு மட்டும் கரைத்து, வெயில் ஏறுவதற்கு முன் கொடுங்கள்.

எலக்ட்ரோலைட் ஊற்றுவதற்கு முன் உங்கள் போர்த் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். பல கிணறுகளில் தண்ணீர் ஏற்கெனவே உப்பு. அதற்கு மேல் உப்பு சேர்த்தால் எச்சம் இளகிக் கூளம் நனையும். நார்க்கழிவுக் கூளம் ஈரத்தை நன்றாக இழுக்கும், ஆனால் இழுத்ததைச் சீக்கிரம் விடாது. ஒரு கைப்பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்துவிட்டால் சரி. உருண்டையாகவே நின்றால் எலக்ட்ரோலைட்டை நிறுத்திவிட்டு நிப்பிள் ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட மலிவான வைத்தியம், காலை பத்து, பத்தரைக்குத் தீவனத் தட்டைத் தூக்கிவிட்டு வெயில் தாழ்ந்த பிறகு இறக்குவது. தின்ற தீவனம் செரிக்கும்போது எழும் சூடு சில மணி நேரம் கழித்தே உச்சத்துக்குப் போகும். மதியம் வயிறு நிறைந்த கோழிதான் முதலில் சாயும்.

குடல்: ஆன்டிபயாட்டிக் போன இடத்தில்

ஆன்டிபயாட்டிக்கைச் சிறு அளவில் தீவனத்தில் தொடர்ந்து கொடுத்து வளர்ச்சியைக் கூட்டும் பழக்கம் பல பத்தாண்டுகளாக இருந்தது. ஸ்வீடன் 1986-இல் அதை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முழுவதுமாகத் தடை செய்தது. இந்தியாவில் 2019 ஜூலையில் கோலிஸ்டினை உணவுக்கான பிராணிகளில் பயன்படுத்தத் தடை வந்தது. மனிதனுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் மருந்து அது. கோழிக் கூளத்தில் அதை எதிர்த்து நிற்கும் கிருமியை வளர்த்துவிட்டால் ஆஸ்பத்திரியில் கொடுக்க வேறு மருந்து இருக்காது. பழைய சரக்கு கையில் இருந்தாலும் தொடாதீர்கள்.

அந்த இடத்தை நிரப்ப வந்தவை புரோபயாட்டிக்கும், அசிடிஃபயர் என்று விற்கும் அங்கக அமிலங்களும். பின்லாந்தில் 1973-இல் நூர்மியும் ரன்டாலாவும், வளர்ந்த கோழியின் குடல் கிருமிகளை, புதிதாகப் பொரிந்த குஞ்சுக்குக் கொடுத்தால் சால்மொனெல்லா ஒட்டுவது குறைகிறது என்று காட்டினார்கள். இன்குபேட்டரில் பொரியும் குஞ்சு தாயைப் பார்ப்பதில்லை; அதன் குடல் காலி மனை. முதலில் யார் குடியேறுகிறார்கள் என்பதுதான் விஷயம். ஆகவே புரோபயாட்டிக்குக்கு அதிகப் பலன் முதல் வாரத்திலும், ஆன்டிபயாட்டிக் சிகிச்சை முடிந்த பிறகும். முப்பதாவது நாள் திடீரென்று ஊற்றுவதில் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் அதே நாளில் கொடுப்பதும், குளோரின் தண்ணீரில் கலப்பதும் உயிருள்ள கிருமியைக் காசு கொடுத்து வாங்கிக் கொல்வது. பெல்லெட் தீவனத்தில் போடுவதானால் பேசில்லஸ் வகை. அதன் வித்துகள் சூட்டைத் தாங்கும், லாக்டோபேசில்லஸ் தாங்காது.

அசிடிஃபயர் கொடுப்பவர் பிஎச் தாள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குத் தண்ணீர் தேவைப்படும் அளவு மாறும். கடின நீருக்கு டப்பாவில் போட்ட அளவு பற்றாது. பிஎச் 4-க்குக் கீழே போனால் கோழி குடிப்பதைக் குறைக்கும். கம்போரோ, லசோட்டா தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கொடுக்கும் நாளில் அமிலம், குளோரின் இரண்டும் கூடாது.

பூஞ்சை நஞ்சு

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோதுதான் அஃப்ளாடாக்சின் உலகுக்குத் தெரிந்தது. குற்றவாளி பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. நம் ஊரில் மழையில் நனைந்த மக்காச்சோளம் அதே வேலையைச் செய்யும். ஐ.எஸ். 1374 அனுமதிக்கும் உச்ச அளவு 20 பிபிபி, அதாவது ஒரு டன் தீவனத்தில் 20 மில்லிகிராம்.

பெண்டோனைட் போன்ற களிமண் வகைகள் அஃப்ளாடாக்சினை நன்றாகப் பிடிக்கும். டி-2, ஆக்ராடாக்சின் போன்றவற்றை அவ்வளவாகப் பிடிக்காது; அதற்குத்தான் ஈஸ்ட் செல்சுவர் கலந்த பைண்டர்கள் விற்கிறார்கள். புரோபியோனிக் அமிலம் பூஞ்சை வளர்வதைத் தடுக்கும், ஏற்கெனவே உருவான நஞ்சை ஒன்றும் செய்யாது. 16 சதவீத ஈரத்தில் மலிவாக வாங்கிய மக்காச்சோளத்துக்கு டாக்சின் பைண்டர் பரிகாரம் ஆகாது.

ரத்தக் கழிச்சல் மருந்து

ரத்தக் கழிச்சலைத் தடுக்கச் சாலினோமைசின் டன்னுக்கு 60 கிராம். 12 சதவீதச் சரக்காக வந்தால் 500 கிராம். இது போட்ட தீவனம் தின்னும் கோழிக்குச் சளிக்காக டையாமுலின் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து நஞ்சாகிக் கால் இழுத்துச் சாகும். வைத்தியர் மருந்து எழுதும்போது தீவனத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். மீந்த தீவனத்தை வான்கோழிக்கோ குதிரைக்கோ வைக்கக் கூடாது.

மூலிகை, அசோலா, ஹார்மோன் பேச்சு

மஞ்சள், பூண்டு, கீழாநெல்லி, நிலவேம்பு ஆகியவற்றின் மீது எனக்குப் பகை இல்லை. கிருமியை அடக்கும் குணம் இவற்றில் சிலவற்றுக்கு உண்டு. ஆனால் ஒரு மூட்டை மஞ்சள் தூளில் வேலை செய்யும் சத்து எவ்வளவு என்று எழுதியிருப்பதில்லை, மூட்டைக்கு மூட்டை மாறும். அசோலா வளர்ப்பவர் கணக்குப் பார்க்க வேண்டும்: பச்சை அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோவில் கிடைக்கும் புரதம் இருபது கிராம் தேறினால் அதிகம். நாட்டுக்கோழிக்குப் போடுங்கள். நாற்பது நாளில் இரண்டு கிலோ தாண்ட வேண்டிய பிராய்லரின் வயிற்றில் அதற்கு இடமில்லை.

பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்ற பேச்சுக்கும் பதில் தெரிந்திருக்கட்டும். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டு வம்சக் கோழியையும் 2005-ஆம் ஆண்டு வம்சக் கோழியையும் ஒரே தீவனத்தில் வளர்த்தார்கள். 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். 56-ஆம் நாள் முன்னது 905 கிராம், பின்னது 4,202 கிராம். வித்தியாசம் வம்சத் தேர்வில் வந்தது.

உங்கள் ஷெட்டிலேயே சோதிப்பது

முதலில் ஏழாம் நாள் எடையைப் பாருங்கள். இறக்கிய எடையைப் போல நான்கு மடங்குக்கு மேல் வரவில்லையென்றால் புரூடிங்கைச் சரிசெய்யும்வரை எந்தச் சேர்மானச் சோதனையும் வீண். இறக்கிய மறுநாள் குஞ்சுகளின் இரைப்பையைத் தொட்டுப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் நிறைந்திருக்க வேண்டும். பயணக் களைப்புக்கு முதல் சில மணி நேரம் வெல்லத் தண்ணீர் போதும்.

பிறகு ஒரே ஷெட்டின் ஒரு பகுதியைக் கம்பி வலையால் ஒரே அளவில் எட்டு அறைகளாகத் தடுத்து, ஒரே லாட் குஞ்சுகளைச் சம எண்ணிக்கையில் விடுங்கள். எந்த நான்கு அறைக்குச் சேர்மானம் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். நீங்களாகத் தேர்ந்தெடுத்தால் காற்றோட்டமான மூலை புது மருந்துக்குப் போய்விடும். தண்ணீரில் கொடுப்பதானால் அறைக்கு ஒரு தனிக் குடிப்பான். போட்ட தீவனம், தட்டில் மீந்தது, செத்த கோழியின் எடை, பிடிப்பு நாள் எடை நான்கையும் அறைவாரியாக எழுதுங்கள். சேர்த்த நான்கு அறையும் சேர்க்காத நான்கு அறையையும்விட நல்ல எஃப்.சி.ஆர். காட்டினால், அது வெறும் தற்செயலாக நடக்க எழுபதில் ஒரு வாய்ப்புதான் உண்டு. மூன்று அறை மேலே, ஒன்று கீழே என்று வந்தால் அடுத்த பேட்ச்சில் சீட்டை மறுபடி குலுக்கி அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கோடையில் தேறிய பொருளை ஐப்பசி மழையில் தனியாகச் சோதிக்க வேண்டும். ஐப்பசியில் தேறியதைக் கோடையிலும்.